எதிர்த்தவர்களை நான் வாசிக்கவில்லை

ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நீண்ட காலமாக வேலை பார்க்கிறேன். பின்லாந்தும் ஸ்வீடனும் நேட்டோவில் சேர விண்ணப்பித்த 2022 மே 18 முதல், ஸ்வீடன் 32ஆவது உறுப்பினரான 2024 மார்ச் 7 வரை, அந்தச் செய்தியை எங்கள் வாசகர்களுக்குத் தமிழில் கொடுத்தவன் நான். தேதியோ வாக்கு எண்ணிக்கையோ தவறாகக் கொடுத்ததாக நினைவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியை நான் நேர்மையாகச் சொல்லவில்லை. எழுதியவற்றில் இல்லை என் தவறு, எழுதாமல் விட்டவற்றில் இருக்கிறது.

நேட்டோவில் ஒரு நாடு புதிதாகச் சேர வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள அத்தனை நாடுகளும் சம்மதிக்க வேண்டும். தலைவர்கள் மேடையில் கைகுலுக்கினால் போதாது. இணைப்பு ஒப்பந்தத்தை ஒவ்வொரு நாடும் தன் அரசியல் சட்டப்படி ஏற்று, அதற்கான பத்திரத்தை வாஷிங்டனில் ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இதற்கு நாடாளுமன்றத்தின் வாக்கு தேவை. 2022 ஜூலை 5 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்றே கனடா ஏற்றுக்கொண்டது. நான் 30 நாடுகளின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, முடித்த நாடுகளை அடித்துக்கொண்டே வந்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் துருக்கியும் ஹங்கேரியும்தான் மீதம். அதன் பிறகு என் செய்திகளில் 'இழுத்தடிப்பு', 'முட்டுக்கட்டை' என்ற சொற்கள் வராத வாரம் குறைவு. நாடாளுமன்றங்களை முத்திரை குத்தும் மேசைகளாகவே நான் பார்த்தேன். சீக்கிரம் குத்தினால் நல்ல நாடு, தாமதித்தால் கெட்ட நாடு.

அந்த வாக்குகள் எதைப் பற்றியவை? நேட்டோ உடன்படிக்கையின் 5ஆவது பிரிவின்படி ஓர் உறுப்பினர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல். என்ன உதவி செய்வது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம்; படை அனுப்புவதும் அதில் அடங்கும். பின்லாந்தின் எல்லையில் ஏதாவது நடந்தால் எங்கள் பிள்ளைகளும் போக நேரலாம் என்று போர்ச்சுகலின், கிரீஸின் மக்கள் பிரதிநிதிகள் ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு சபை எடுக்கும் முடிவுகளில் இதைவிடக் கனமானது அதிகம் இருக்க முடியாது.

2022 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்க செனட் 95-1 என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது. எதிர்த்தவர் மிசூரியின் ஜோஷ் ஹாலி. சீனாவைச் சமாளிக்க வேண்டிய நேரத்தில் ஐரோப்பாவில் பொறுப்பைக் கூட்டக் கூடாது என்பது அவர் வாதம். கென்டக்கியின் ராண்ட் பால் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் 'வந்திருக்கிறேன்' என்று மட்டும் பதிவு செய்தார். போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கே உரியது, 5ஆவது பிரிவு அதை மீறிவிடாது என்று ஒரு வாசகத்தைச் சேர்க்க அவர் கேட்டார். சபை அதைப் பெரும்பான்மையால் தள்ளியது. அவர்கள் சொன்னது எனக்கு இன்றும் ஏற்புடையதல்ல. ஆனால் போருக்குப் போவதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியை ஒருவர் சபையில் எழுப்பினார், அதற்கு விடையும் கிடைத்தது. வாசகருக்கு அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான் '95-1' என்று தலைப்பு வைத்து, 'ஒருவர் மட்டும் எதிர்ப்பு' என்று முடித்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். என் மனம் முழுக்கப் பின்லாந்தின் பக்கம் இருந்தது. ரஷ்யாவுடன் அதற்கு 1,340 கிலோமீட்டர் எல்லை. 1939இல் சோவியத் படை உள்ளே புகுந்து, கரேலியாவைப் பறித்தது; நான்கு லட்சத்துக்கும் மேலானவர்கள் வீடு நிலத்தை விட்டு மேற்கே வந்தார்கள். உக்ரைனில் நடப்பதைப் பார்த்து அந்த மக்கள் பயந்ததில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த நியாயம் பெரியது என்பதால், அதற்காக வேறு யாரிடமிருந்து என்ன பிடுங்கப்படுகிறது என்று நான் பார்க்க மறுத்தேன். தெரியாமல் நடந்ததல்ல இது. ஏஜென்சி செய்திகளின் கடைசிப் பத்திகளில் எல்லாம் இருந்தது. இடம் போதவில்லை என்று அந்தப் பத்திகளைத்தான் வெட்டினேன்.

2022 ஜூன் 28 அன்று மாட்ரிட்டில் துருக்கி, பின்லாந்து, ஸ்வீடன் மூன்றும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. துருக்கி கேட்கும் ஆட்களை ஒப்படைப்பது, நாடு கடத்துவது குறித்த கோரிக்கைகளைத் தாமதமின்றிக் கவனிப்போம் என்று இரண்டு வட நாடுகளும் அதில் சொல்லியிருந்தன. ஸ்வீடனில் பல்லாயிரம் குர்துகள் வாழ்கிறார்கள். துருக்கிச் சிறைக்குப் பயந்து வந்தவர்கள் அவர்களில் பலர். ஒரே நாளில் அவர்களுடைய பாதுகாப்பு பேரத்தில் ஒரு சரக்காகிவிட்டது. அந்த நவம்பரில், பத்திரிகை ஆசிரியராக இருந்து ஸ்வீடனுக்குத் தப்பி வந்த புலென்ட் கெனேஷின் பெயரை, ஸ்வீடன் பிரதமர் பக்கத்தில் நிற்க, துருக்கி அதிபர் எர்டோகன் செய்தியாளர் முன்னிலையில் சொல்லி, அவரை ஒப்படைக்கக் கேட்டார். ஸ்வீடனின் உச்ச நீதிமன்றம் டிசம்பரில் மறுத்ததால் அவர் தப்பினார். அதே டிசம்பரில், அடைக்கலம் மறுக்கப்பட்ட ஒரு குர்து ஸ்வீடனிலிருந்து நாடு கடத்தப்பட்டார்; இஸ்தான்புல்லில் இறங்கியதும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். இது வழக்கமான குடியேற்ற நடைமுறை, நேட்டோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஸ்வீடன் அரசு சொன்னது. அந்த மறுப்பையாவது நான் வெளியிட்டிருக்க வேண்டும். செய்தியையே வெளியிடவில்லை.

அடைக்கலம் தேடிப் போனவர் வீட்டுக் கதவு தட்டப்படும்போது என்ன நடுக்கம் வரும் என்று தமிழில் எழுதுகிற ஒருவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈழத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவர்கள் நம் வாசகர்களின் உறவினர்கள். அப்படியிருந்தும் குர்துகளைத் 'துருக்கியின் கவலைகள்' என்ற இரண்டு சொல்லுக்குள் அடைத்துவிட்டேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

2023 மார்ச் 22 அன்று ஸ்வீடன் நாடாளுமன்றம் 269-37 என்று இணைப்பை ஏற்றது. எதிர்த்தவை இடது கட்சியும் பசுமைக் கட்சியும். 'அமோக ஆதரவு' என்று எழுதினேன். அந்த 37 பேர் என்ன பேசினார்கள் என்று தேடக்கூட இல்லை. பின்லாந்து அந்த ஏப்ரல் 4 அன்றே சேர்ந்துவிட்டது. ஸ்வீடனுக்குத் துருக்கி நாடாளுமன்றம் 2024 ஜனவரி 23 அன்று 287-55 என்று சம்மதித்தது. அடுத்த சில நாட்களில் துருக்கிக்கு எப்-16 போர் விமானங்கள் விற்க அமெரிக்கா அனுமதித்தது. பிப்ரவரி 23 அன்று ஹங்கேரிக்கு நான்கு கிரிபென் போர் விமானங்கள் விற்பதாக ஸ்வீடன் அறிவித்தது. 26 அன்று ஹங்கேரி நாடாளுமன்றம் ஸ்வீடனை ஏற்று வாக்களித்தது. விமான பேரத்தைப் பெட்டிச் செய்தியாகவே போட்டேன். விமானங்களுக்குக் கிடைத்த இடம் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறேன். கிரீஸ் 2008இல் தடுத்ததால் காத்திருந்த மாசிடோனியா, தன் பெயரையே வடக்கு மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டு 2020 மார்ச்சில் நேட்டோவில் சேர்ந்தது. கிரேக்க நாடாளுமன்றம் அதன் இணைப்பை 153-140 என்ற சிறு வித்தியாசத்தில்தான் ஏற்றது. 'சிக்கல் தீர்ந்தது' என்று அப்போதும் எழுதினேன். பெயரை விட்டுக்கொடுத்த மக்களிடம் அது எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

பின்லாந்து சேர்ந்தது சரி என்றே இன்றும் நம்புகிறேன். ஸ்வீடன் சேர்ந்ததும் சரியே. உக்ரைன் 2022 செப்டம்பர் 30 அன்று கொடுத்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. அது வாக்குக்கு வந்தால் இப்போது 32 நாடுகள் முடிவு செய்ய வேண்டும், பேரம் இன்னும் பெரிதாக இருக்கும். உக்ரைன் சேர்வதை ஆதரித்துத்தான் எழுதுவேன். எதிர்த்து வாக்களிப்பவரின் பேச்சை முதலில் படித்துவிட்டு எழுதுவேன். ஏஜென்சி செய்தியின் கடைசிப் பத்தியில் யாருடைய பெயராவது இருந்தால், அதை மேலே கொண்டுவருவேன்.