திருவக்கரையின் கல்மரங்கள்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தெற்கே திண்டிவனம், மயிலம் வழியாகச் சென்றால் திருவக்கரையை அடையலாம். அங்கே செம்மண் மேட்டில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. வேரும் கிளையும் அவற்றிற்கு இல்லை. பெருவெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை அவை.

நீரில் கரைந்த சிலிக்கா உள்ளே ஊறி இறுகியதால், மரத்தின் நுண்துளைகளும் அழியாதுள்ளன. அவற்றைக் கொண்டே அறிஞர் இனம் காண்கின்றனர். சில, இன்று மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் குங்கிலியக் குடும்பத்தவை. ஆகவே, அவ்வெள்ளம் புறப்பட்ட நிலம் அன்று மழைக்காடாய் இருந்தது! மழை குறையவே, அம்மரங்கள் இங்கே மறைந்து ஈரமலைகளில் எஞ்சின.

அம்மாற்றத்திற்கு எண்ணற்ற நூற்றாண்டுகள் சென்றன. நாமோ கரியும் எண்ணெயும் எரித்து, ஓரிரு தலைமுறைக்குள் வெப்பத்தை உயர்த்துகிறோம். பூமி நமது பொது இல்லமெனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் திருமடல் வரைந்தார். அவ்வில்லத்தின் பழைய ஏட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.