பழைய லேப்டாப்பும் நாலாயிரத்துத் தொண்ணூறு ரூபாயும்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு கிளம்பும். "லேப்டாப் வேணும்." இதைக் கேட்டதும் அப்பாக்களின் முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்!

குலசேகரம் பக்கத்தில் ஒரு வீட்டிலும் 2025 ஜூன் மாதம் இந்தப் பேச்சு வந்தது. இளைய மகள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.காம் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு அது பச்சைப் பசேல். பால் வெட்டுகிறவருக்கோ மழை பெய்கிற நாளெல்லாம் கூலி இல்லாத நாள். சிரட்டையில் பாலோடு தண்ணீரும் சேர்ந்துவிட்டால் வெட்டிப் பயனில்லை. ஆக, கல்லூரி திறக்கிற மாதமும் வீட்டில் காசு இல்லாத மாதமும் ஒன்றாகவே வரும்.

மூத்தவளுக்கு அண்டி ஆபீஸில் வேலை. (வெளியூர் நண்பர்களுக்கு: முந்திரித் தொழிற்சாலை.) அவள் கழுத்தில் கிடந்த ஒரே சங்கிலியை அடகு வைக்கலாம் என்று அவளே சொன்னாள். அப்பா பதில் சொல்லாமல் இளையவளை அழைத்துக்கொண்டு தக்கலைக்குப் பஸ் ஏறினார்.

அன்று நாலு கடை ஏறி இறங்கினார்கள். மூன்று விதமான லேப்டாப்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, 34,000 ரூபாய்க்குப் புதியது. எட்டு ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி., எல்லாம் சரி. "மாசத் தவணை போட்டுக்கலாம் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். தவணைக்கு மழை தெரியாதே! எல்லா மாதமும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

இரண்டாவது, 18,000 ரூபாய்க்குப் புதியது. மெலிசாக, அழகாக இருந்தது. மகளுக்கு இதுதான் பிடித்தது. நான்கு ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு, இரண்டும் போர்டிலேயே பற்றவைத்தவை. பிறகு கழற்றி மாற்ற வழியே இல்லை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் வேண்டிய சேமிப்பே 64 ஜி.பி.தான். ஒரு வருஷம் அப்டேட் வந்து சேர்ந்தால் மிச்சம் இடம் எங்கே இருக்கும்? வாங்கும்போது மலிவு, வாங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது, 14,500 ரூபாய்க்குப் பழையது. நான்காம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. "கம்பெனியில ஓடினது, கல்லு மாதிரி இருக்கும்" என்றார்கள். இருக்கலாம். ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடியப் போகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் இருந்தால்தான் மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிக்கிறது. நான்கு மாதத்தில் ஆதரவு முடியப்போகிற ஒன்றுக்கு 14,500 ரூபாய்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருந்தது என்பதுதான் விஷயம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கித் தர, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கொடுக்கப்பட்டன. ஊர் வழக்கில் அதற்குப் பெயர் 'அம்மா லேப்டாப்'. மூத்தவள் 2012-ல் பிளஸ் டூ படித்தபோது அவளுக்கும் ஒன்று கிடைத்தது.

அவளும் பி.காம்தான் சேர்ந்தாள். முதல் வருஷம் முடிவதற்குள் அப்பா தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு மாதம் படுக்கை. அவள் அண்டி ஆபீஸுக்குப் போனாள். லேப்டாப் பையோடு அலமாரிக்குள் போனது. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதை வெளியே எடுத்தவன் பக்கத்து வீட்டுப் பையன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். "அக்கா, ஒரு தடவ பாக்கட்டா?" என்று கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றியது, பீப் பீப் என்று சத்தம் வந்தது, திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு சர்வீஸ் கடையில் காட்டியபோது "போர்டு போச்சு, பாட்ஸா வேணும்னா 800 ரூவா தாரேன்" என்றார்கள். இங்கேதான் பல லேப்டாப்களின் கதை முடிந்துவிடுகிறது.

பையனுக்கு ஒரு சந்தேகம். போர்டு நிஜமாகவே செத்திருந்தால் பீப் சத்தமே வராதே? அந்தச் சத்தம், ராமைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். கீழ் மூடியைக் கழற்றி, ராமை எடுத்து, அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினான். திரை எரிந்தது! ஈரக்காற்று உள்ள ஊரில் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தால் இந்தப் பற்களில் கண்ணுக்குத் தெரியாத பாசி பிடித்த மாதிரி ஒரு படலம் படியும். அவ்வளவுதான் கோளாறு. ரப்பர் வெட்டுகிறவர் வீட்டு லேப்டாப்பை ரப்பரே காப்பாற்றியது என்று அப்பா சிரித்தார். ஜூன் மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

எரிந்தது சரி, வேலை செய்ததா? நான்கு நிமிஷம் ஆனது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் திறக்க. தேதி 2011 என்று காட்டியது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்றது. காரணம் வைரஸ் இல்லை. போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், அது தீர்ந்துபோயிருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று கணக்கு உண்டு. கணினி தன்னை 2011-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் எந்தச் சான்றிதழும் செல்லாது. 40 ரூபாய் வில்லை ஒன்று மாற்றியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மெதுவாக ஓடியதற்குக் காரணம் வேறு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றும், அதன்மேல் ஒரு ஊசி அங்குமிங்கும் ஓடிப் படிக்கும். நிமிஷத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணினி எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பொருளே கிடையாது, காத்திருப்பு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கட்டுரை தட்டச்சு செய்வது, எக்செல் கணக்கு, பி.டி.எஃப். படிப்பது மாதிரியான வேலைகளுக்குப் பழைய பென்டியம் போதும். அதை வேலை செய்ய விடாமல் பிடித்து வைத்திருந்தது டிஸ்க்தான்.

எனவே பையன் ஒரு வரிசை போட்டான். முதலில் காசு செலவழிக்காமல் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பார்த்தான். கீபோர்டு, வைஃபை, ஸ்பீக்கர், கேமரா எல்லாம் வேலை செய்தன. இவற்றில் இரண்டு போயிருந்தால் விட்டுவிட வேண்டியதுதான் என்று முன்பே சொல்லியிருந்தான்.

பிறகு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 1,650 ரூபாய். பழைய டிஸ்க் இருந்த அதே இடத்தில் அப்படியே பொருந்துகிற இரண்டரை அங்குல சாட்டா வகை. அடுத்து, ஏற்கெனவே இருந்த 2 ஜி.பி.யோடு சேர்க்க நான்கு ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், பழையது, 650 ரூபாய். (கடையில் டி.டி.ஆர்.4 கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள், பள்ளம் மாறியிருக்கும், நுழையாது.) இங்கே இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜி.பி.க்கு மேல் ராமைப் பயன்படுத்தவே பயன்படுத்தாது. அதை வைத்துக்கொண்டு ராம் வாங்கிப் போட்டால் காசுதான் வீண். போதாக்குறைக்கு அதற்கான ஆதரவும் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆகவே மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போட முடிவானது. அது இலவசம், கனமில்லாதது.

டிஸ்க்கைக் கழற்றப் போனபோதுதான் மூத்தவள் வாய் திறந்தாள்.

"அதுல எனக்க படம் எல்லாம் உண்டும். போயிருமா?"

"போகாதுக்கா" என்றான் பையன். 250 ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. டப்பா வாங்கிப் பழைய டிஸ்க்கை அதற்குள் போட்டுக் கொடுத்தான். எதையும் அழிக்கவில்லை. கடைசியாக 1,500 ரூபாய்க்குப் பேட்டரி. ஆக மொத்தம் 4,090 ரூபாய். கூலி, ஒரு கட்டன் சாயாவும் இரண்டு பழம்பொரியும்.

இப்போது அந்த லேப்டாப் அரை நிமிஷத்துக்குள் திறக்கிறது. லிப்ரே ஆபீஸில் வேலை நடக்கிறது, தமிழ்99-ல் தமிழும் தட்டச்சு செய்கிறாள். எல்லாமே சுகம் என்று சொன்னால் அது பொய். வீடியோ வகுப்பை 480-ல் வைத்தால் ஓடும், 1080-ல் வைத்தால் விசிறி அலறும். டேலி விண்டோஸில்தான் ஓடும், அதற்குக் கல்லூரி லேப்தான் கதி. கனமும் அதிகம். முதல் நாள் வகுப்பில் அதை எடுத்தபோது பின்பெஞ்சில் யாரோ "அம்மா லேப்டாப்புடே" என்று சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துபோனது. ஒரு வாரம் அதைக் கொண்டுபோகவே இல்லை. பிறகு ஒருநாள் தோழி ஒருத்தியின் 18,000 ரூபாய் லேப்டாப் 'இடம் போதாது' என்று நின்றுபோனபோது, அவளுடைய அசைன்மென்ட் தட்டச்சானது இந்தச் சிரிப்புக்கு ஆளான பெட்டியில்தான்.

எல்லோரும் பழையதையே தட்டி ஓட்ட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். வீடியோ எடிட்டிங், பொறியியல் வரைபடம் என்று படிப்பவர்களுக்கு இது உதவாது. 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் மடிக்கணினி என்று அரசு அறிவித்து, 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கியது. அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. விலையும் அன்று போல் இல்லை. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் அள்ளிக்கொண்டு போகப்பட்டதில் உலகம் முழுக்க ராம் விலை ஏறிவிட்டது. வாங்குகிற அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகள். எனக்கு என்ன வேலை செய்ய வேண்டும்? வீட்டில் கிடப்பது எதனால் மெதுவாக இருக்கிறது, டிஸ்க்கா, ராமா, விண்டோஸா? வாங்கப் போவதில் நாளைக்கு ஏதாவது மாற்ற முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் போனால் கடைக்காரர் சொல்வதுதான் பதில்.

சங்கிலி மூத்தவள் கழுத்திலேயே இருக்கிறது. அந்த யு.எஸ்.பி. டப்பாவை ஒருநாள் இரவு அவளே லேப்டாப்பில் செருகினாள். பிளஸ் டூ தோழிகளின் படங்கள் இருந்தன. 'பி.காம் முதல் வருஷம்' என்று ஒரு ஃபோல்டரும் இருந்தது. அதில் கணக்குப் பதிவியல் பாடம் ஒன்று பாதி தட்டச்சு செய்யப்பட்டு நின்றிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டாள்.

"மக்ளே, இந்தப் பாடம் ஒங்களுக்கு இப்பமும் உண்டா?"

"உண்டும் அக்கா. அடுத்த வாரம் பரீட்சை."

"அப்பம் இங்க வா. இதுவரைக்கும் எனக்குத் தெரியும்."