செவ்வாய்வாசிகள் இறங்கிய ஊர் இதுதான்... டி.வி தொடர்கள் தவறவிட்ட வோக்கிங்!

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் வோக்கிங் வந்துவிடும். சர்ரே பகுதியில் இருக்கும் இந்த ஊரில், காலையில் லண்டனுக்கு வேலைக்குக் கிளம்பி இரவில் வீடு திரும்புகிறவர்கள் அதிகம். இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் இதன் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனால், கடைவீதிப் பக்கம் நடந்து போகிறவர்கள் ஓரிடத்தில் கட்டாயம் அண்ணாந்து பார்ப்பார்கள். ஏழு மீட்டர் உயரத்தில், மூன்று கால்களை ஊன்றி, புது எவர்சில்வர் பாத்திரம்போலப் பளபளத்தபடி ஓர் இயந்திரம் அங்கே நிற்கிறது!

எச்.ஜி.வெல்ஸ் எழுதிய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் ஏறிவரும் போர் இயந்திரம்தான் அது. நாவல் புத்தகமாக வெளிவந்து 100 ஆண்டுகள் நிறைந்த 1998-ல், சிற்பி மைக்கேல் காண்ட்ரன் இதை உருவாக்கினார். அருகிலேயே, செவ்வாய்வாசிகள் பயணித்து வந்த உருளை தரையில் பாதி புதைந்து கிடப்பதுபோல இன்னொரு சிற்பமும் உண்டு.

வேற்றுக்கிரகவாசிகள் பூமியின்மீது படையெடுக்கும் கதைகளுக்கெல்லாம் தாத்தா இந்த நாவல். ரேடியோ நாடகம், சினிமா, டி.வி தொடர் என இதை வைத்து எத்தனையோ வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பிரபலமான பலவற்றில் வோக்கிங்கே கிடையாது.

சைக்கிளில் சுற்றிய எழுத்தாளர்

1895-ல் வெல்ஸ் இந்த ஊருக்குக் குடிவந்தபோது அவருக்கு 28 வயது. முதல் திருமணம் முறிந்து, ஆமி கேத்தரினுடன் புது வாழ்க்கையைத் தொடங்கியிருந்த நேரம். மேபரி சாலையில், ரயில் பாதையைப் பார்த்தபடி ஒரு சிறிய வீடு. இங்கிலாந்து முழுக்க சைக்கிள் மோகம் பரவியிருந்த காலம் என்பதால், வெல்ஸும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்தார். ‘செவ்வாய்வாசிகள் எந்த இடத்தை அழிக்கலாம், யாரையெல்லாம் கொல்லலாம்’ என்று அப்போதே குறித்துவைத்துக்கொண்டதாகப் பின்னாளில் தன் சுயசரிதையில் குறும்பாக எழுதினார்.

அதன் பலன் நாவலில் தெரிகிறது. உருளை வந்து விழுவது, ஊரையொட்டி இருக்கும் ஹார்செல் காமன் என்ற பொதுவெளியின் மணல் குழியில். கதை சொல்பவரின் வீடு மேபரி ஹில்லில். பீரங்கிகளுக்கும் இயந்திரங்களுக்கும் சண்டை நடப்பது, வேபிரிட்ஜ், ஷெப்பர்டன் ஆற்றங்கரையில். 1897-ல் ‘பியர்சன்ஸ்’ பத்திரிகையில் இது தொடராக வந்தபோது, மேப்பை விரித்துவைத்துக்கொண்டே படித்திருக்கலாம். இந்தப் பகுதியில் வசித்த வாசகர், தான் தினமும் நடக்கும் தெரு பற்றியெரிவதை அதில் படித்தார்.

இதற்குப் பின்னால் ஒரு கேள்வி இருந்தது. சர்ரேயின் அமைதியான கிராமப்புறத்தில் அண்ணன் ஃபிராங்குடன் நடந்துகொண்டிருந்தபோது, டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளுக்கு ஐரோப்பியர்களால் நேர்ந்த அழிவைப் பற்றிப் பேச்சு வந்தது. திடீரென வானத்திலிருந்து யாரோ இறங்கி, நம்மையும் அப்படியே நடத்தினால்? ஃபிராங்கின் அந்த யோசனைதான் நாவலின் விதை. புத்தகத்தையும் வெல்ஸ் அண்ணனுக்கே காணிக்கையாக்கினார். முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியா பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது. உலகின் பெரும்பகுதியை ஆண்டுகொண்டிருந்த ஒரு தேசத்துக்கு, ஆளப்படுவது எப்படியிருக்கும் என்று அதன் வீட்டு வாசலிலேயே காட்டினார் வெல்ஸ்.

இடம் மாறிய கதை

1938-ல் ஆர்சன் வெல்ஸின் ரேடியோ நாடகம், கதையை அமெரிக்காவின் நியூஜெர்சிக்குக் கொண்டுபோனது. குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில் செவ்வாய்வாசிகள் இறங்கினார்கள். இன்று அங்கேயும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1953-ல் வந்த ஹாலிவுட் படத்தில் அவர்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்தார்கள். அந்தப் படத்தின் தொடர்ச்சியாக 1988 முதல் 1990 வரை ஓர் அமெரிக்க டி.வி தொடரும் வந்தது. ‘அன்று அவர்கள் சாகவில்லை, உறக்கத்தில்தான் இருந்தார்கள்’ என்று கதையை நீட்டி, இரண்டு சீசன்கள் ஓட்டினார்கள்.

வெல்ஸ் இறந்தது 1946-ல். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் என்ற கணக்கில், 2016 முடிவோடு பிரிட்டனில் நாவலின் காப்புரிமை முடிந்தது. அதன்பின் 2019-ல் அடுத்தடுத்து இரண்டு தொடர்கள் வந்தன. ஹோவர்ட் ஓவர்மேன் உருவாக்கிய தொடர், இன்றைய பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் நடக்கிறது. அதில் மூன்று கால் இயந்திரங்கள் இல்லை. நாயைப்போல நான்கு காலில் ஓடும் இயந்திரங்கள்தான் மனிதர்களை வேட்டையாடுகின்றன. மூன்று சீசன்கள் வந்த இந்தத் தொடரில், நாவலில் மிஞ்சியது தலைப்பும் அடிப்படைக் கருவும்தான்.

பி.பி.சி-யின் மூன்று எபிசோடு தொடர், கதையை மறுபடியும் வோக்கிங்குக்கு அழைத்துவந்தது. பீட்டர் ஹார்னஸ் எழுத, ரேஃப் ஸ்பாலும் எலினார் டாம்லின்சனும் நடித்தார்கள். நாவலில் பெயரே இல்லாத மனைவி, இதில் ஆமி என்ற பெயருடன் கதையின் மையத்துக்கு வந்தார். அது வெல்ஸின் மனைவியுடைய பெயர் என்பது தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆனால், படப்பிடிப்பு நடந்தது வோக்கிங்கில் இல்லை. இங்கிலாந்தின் வடமேற்கே லிவர்பூலிலும், செஷயரில் உள்ள கிரேட் பட்வொர்த் கிராமத்திலும்தான். முப்பது மாடிகளைத் தாண்டிய கட்டடம் எழுந்துவிட்ட இன்றைய வோக்கிங்கில், நூறு வருடத்துக்கு முந்தைய தெருவை எங்கே போய்த் தேடுவது?

இடத்தை மாற்றுவது ஒன்றும் குற்றமில்லை. சொல்லப்போனால், நியூஜெர்சிக்குப் போன ரேடியோ நாடகம்தான் வெல்ஸின் தந்திரத்தைச் சரியாகப் பிடித்தது. கேட்பவர்களுக்குப் பக்கத்து ஊரில் செவ்வாய்வாசிகளை இறக்கியதால்தான், சிலர் அதைச் செய்தி என்றே நம்பிப் பயந்தார்கள். பி.பி.சி தொடர் அந்தக் கால உடை, வண்டி, வீடு எல்லாவற்றையும் அழகாகக் கொண்டுவந்தது. ஆனால், பார்க்கிறவருக்கு அது என்றோ, எங்கோ நடந்த கதையாகிவிட்டது. ‘இது என் தெரு’ என்ற பதற்றம் அதில் வரவில்லை.

மணல் குழிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம்

அந்தப் பதற்றத்தைத் தேடுகிறவர்கள் ஹார்செல் காமனுக்குத்தான் போகவேண்டும். பைன் மரங்களும் ஹீதர் புதர்களும் மண்டிய இடம். மணல் குழி இப்போதும் இருக்கிறது. நடுவில் தண்ணீர் தேங்கி, சுற்றிலும் மணல் சரிவு. நாயை அழைத்துக்கொண்டு நடக்க வருகிறவர்களும், ஓடி விளையாடும் பிள்ளைகளும்தான் இங்கே அதிகம்.

இதே பொதுவெளியின் இன்னோர் ஓரத்தில், வளைவுகளும் சிறு மாடங்களும் கொண்ட செங்கல் மதிலுக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டு, காயங்களோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, மருத்துவமனைகளில் இறந்த இந்திய ராணுவத்தின் முஸ்லிம் வீரர்களுக்காக அமைக்கப்பட்ட அடக்கஸ்தலம் அது. கட்டுமானம் முடிந்தது 1917-ல். வோக்கிங்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இங்கே ஏற்கெனவே ஒரு பள்ளிவாசல் இருந்ததுதான். போபால் பேகம் ஷாஜஹானின் நிதியுதவியுடன் 1889-ல் கட்டப்பட்ட ஷாஜஹான் மசூதி, பிரிட்டனில் பள்ளிவாசலுக்கென்றே எழுப்பப்பட்ட முதல் கட்டடம்.

வெல்ஸ் குடியிருந்த மேபரி பகுதியில்தான் மசூதியும் இருக்கிறது. அவர் அதையும் விட்டுவைக்கவில்லை. நாவலில், செவ்வாய்வாசிகளின் வெப்பக்கதிர் பட்டு மசூதியின் உச்சி காணாமல்போகிறது! நிஜத்தில், பச்சைக் குவிமாடத்தோடு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. தொழுகையும் நடக்கிறது.

அடக்கஸ்தலத்தில் விஷமிகள் சேதம் விளைவித்ததால், 1968-ல் வீரர்களின் உடல்கள் அருகிலுள்ள புரூக்வுட் ராணுவக் கல்லறைக்கு மாற்றப்பட்டன. வெறுமையாகக் கிடந்த இடம் சீரமைக்கப்பட்டு, 2015-ல் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இங்கே அடக்கமான 27 பேரின் பெயர்களும் நினைவுக்கல்லில் இருக்கின்றன. அவர்களுக்காக 27 இமயமலை பிர்ச் மரங்களும் நிற்கின்றன.

தங்கள் நாட்டை ஆண்டவர்களுக்காகப் போரிட்டு, ஊர் திரும்பாமலே போனவர்கள் இவர்கள். ஆளப்படுவது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு எந்தச் செவ்வாய்வாசியும் தேவைப்பட்டிருக்கமாட்டான். வெல்ஸ் நாவலை எழுதும்போது இந்தத் தோட்டம் இல்லை. இருந்தாலும், டாஸ்மேனியாவை மனதில் வைத்து அவர் கேட்ட கேள்விக்கும் இந்த 27 பெயர்களுக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. எந்தத் தொடரிலும் இந்த இடம் வந்ததில்லை என்பதுதான் வருத்தம்.

கடைவீதிச் சிலை, மணல் குழி, அமைதிப் பூங்கா, மசூதி நான்கையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். நேரம் இருந்தால், ரயிலில் அடுத்த ஸ்டேஷனான புரூக்வுட்டில் இறங்கலாம். அந்த வீரர்கள் இப்போது உறங்குவது அங்கேதான்.