டால்டன் சாலையில் திறக்காத கதவு

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வடக்கே, லிவென்குட் பக்கம் தொடங்கி 666 கிலோமீட்டர் ஓடி, வட பனிக்கடலுக்குச் சற்று முன்னால் டெட்ஹார்ஸில் முடிகிறது டால்டன் நெடுஞ்சாலை. எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலைக்காக 1974-இல் 154 நாட்களில் போட்ட சாலை. அதன் முழு நீளத்தையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1994-இல்தான். பெரும்பகுதி சரளை. தூசி அடங்குவதற்காகக் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்து மண்ணைப் பிடித்துவைக்கும், மழை பெய்தால் வண்டியின் அடியெல்லாம் சாந்து பூசியதுபோல் அப்பிக்கொள்ளும், இரும்பையும் அரிக்கும்.

நாங்கள் போனது ஃபேர்பேங்க்ஸில் வசிக்கும் நண்பரின் பிக்கப் வண்டியில். பின்தொட்டியின் மேல் ஃபைபர் கிளாஸ் கூண்டு ஒன்றை மாட்டியிருந்தார். கூடாரம், சாப்பாடு, உபரி டயர், பெட்ரோல் கேன் எல்லாமே அதற்குள். யூக்கான் ஆற்றுப் பாலத்தின் மரப்பலகைத் தளத்தில் இறங்கினோம். தெற்குக் கரை உயரம், வடக்குக் கரை தாழ்வு என்பதால் பாலமே சரிவாக நிற்கிறது. எண்ணெய்க் குழாயும் அதே பாலத்தின் விலாவைப் பற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறது. துருவ வட்டத்தைத் தாண்டி கோல்ட்ஃபுட் வந்து சேர்ந்தபோது கூண்டின் பின்கதவு திறக்கவில்லை. கைப்பிடி மட்டும் திரும்பியது.

கோல்ட்ஃபுட்டை விட்டால் டெட்ஹார்ஸ் வரை ஏறக்குறைய 385 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது. உபரி டயரை எடுக்க முடியாத வண்டியோடு அந்தப் பாதையில் யாரும் இறங்க மாட்டார்கள்.

லாரிகள் நிற்கும் இடத்துப் பட்டறையில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். குளிர்காலங்களில் இதே சாலையில் பாரம் ஓட்டியவராம். கதவை உலுக்கிப் பார்த்தார். வலது பக்கம் அசைந்தது, இடது பக்கம் பிடித்திருந்தது. “உள்ளே காது ஒடிந்திருக்கும்” என்றார்.

இந்தக் கதவின் சூட்சுமம் சின்னதுதான். கைப்பிடியின் முதுகில் ஒரு தகடு, அதற்கு இரண்டு காதுகள். ஒவ்வொரு காதிலிருந்தும் ஒரு கம்பி கதவின் ஓரத்திலுள்ள கொக்கிக்குப் போகிறது. கைப்பிடியைத் திருப்பினால் தகடு சுழன்று இரண்டு கம்பிகளையும் ஒருசேர இழுக்கும். தொட்டிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளைக் கொக்கிகள் விட்டுவிடும். ஒரு காது போனால் ஒரு கொக்கி பூட்டிய பூட்டுதான்.

உடைப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கூண்டின் பக்கவாட்டு ஜன்னலின் கொசுவலையைக் கழற்றி, அதன் வழியாக முனை வளைத்த நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு, தளர்ந்து தொங்கிய இழுகம்பியைத் துழாவிப் பிடித்து இழுத்தார். கதவு மேலே எழும்பியது. உள்ளே எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தில் சாம்பல் மண்.

தகடு துத்தநாகக் கலப்பில் வார்த்தது. மைனஸ் 40 டிகிரிக் குளிரில் அந்த உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதில் விழுந்த கீறலைச் சரளைச் சாலையின் அதிர்வு முடித்துவைத்திருந்தது. அதைவிடக் கவலை தந்தது கைப்பிடி உட்காரும் துளை. ஃபைபர் கிளாஸ் தேய்ந்து வட்டம் நீள்வட்டமாகியிருந்தது, சுற்றிலும் மயிரிழை வெடிப்புகள். யாரோ முன்பு இறுக்கி இறுக்கியே கெடுத்திருக்கிறார்கள் என்றார். ஃபைபர் கிளாஸ் இரும்பைப் போல நெருக்கத்தைத் தாங்காது, நசுங்கும்.

உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டினார். சீக்கிரம் இறுகும் பசையை அவர் தொடவில்லை. நிதானமாக இறுகுவதுதான் நிலைக்கும் என்றார். அதற்குச் சூடு வேண்டும். ஜூன் மாதம், இரவு பத்து மணி, வடமேற்கில் வெயில் இன்னும் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பிப் பின்புறத்தை அந்த வெயிலுக்குக் காட்டி நிறுத்தச் சொன்னார். பத்து மணி வெயிலில் பசை காயவைத்ததை ஊரில் சொன்னால் நம்புவார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளிச்சமும் கொசுவும் விடவில்லை. எண்ணெய்க் குழாயைப் பார்க்கப் போனேன். 1.22 மீட்டர் விட்டமுள்ள குழாய் 1,287 கிலோமீட்டர் போகிறது, அதில் பாதிக்கும் மேல் தூண்களின் மீது. சூடான எண்ணெய் நிலத்தின் உறைபனியை உருக்கிவிடும் என்பதால் தூக்கி வைத்திருக்கிறார்கள். நேராகவும் போடவில்லை, வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார்கள். வெயிலில் நீண்டாலும் குளிரில் சுருங்கினாலும் குறுக்குச் சட்டத்தின் மேல் பக்கவாட்டில் வழுக்கிக்கொள்ளும். 2002-இல் 7.9 அளவு நிலநடுக்கம் வந்தபோது, டெனாலி நிலப்பிளவின் மேலே நான்கு மீட்டருக்குமேல் தரை நகர்ந்தும் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. குழாய் அங்கே நீளமான தண்டவாளங்களின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிய இரும்பைக் கட்டிப்போடாமல் விட்டவர்களின் துணிச்சலை நினைத்து அங்கேயே நெடுநேரம் நின்றேன்.

காலையில் அந்தப் பெண்மணி செய்ததும் அதே காரியம்தான். மூன்று மில்லிமீட்டர் எஃகுத் துண்டை ஹேக்சாவால் அறுத்துத் தகடு செய்தார். நடுத்துளையை அரத்தால் சதுரமாக்கினார். காதுத் துளைகளை மட்டும் நீளவாக்கில் ராவினார், கம்பி கொஞ்சம் ஆடட்டும் என்று. பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குப் பதில் காட்டர் பின். ஒட்டு இறுகிய இடத்தில் டேப் ஒட்டி, துரப்பணத்தை முதலில் தலைகீழாகச் சுழலவிட்டு மேல்பூச்சு பெயராமல் துளைத்தார். கைப்பிடிக்கு இருபுறமும் ரப்பர், அதன்மேல் அகலமான வாஷர். பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, கதவைச் சாத்தி, கொக்கியே தன் இடத்தைத் தேடிக்கொண்ட பிறகு இறுக்கினார். எண்ணெய் போடக் கூடாது, தூசி ஒட்டும் என்று கிராஃபைட் பொடி தூவினார். வண்டி நிற்கும்போதெல்லாம் போல்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

1,444 மீட்டர் உயர அட்டிகன் கணவாயை ஏறி இறங்கினோம். அதற்கப்பால் மரமே இல்லை. சாகவானிர்க்டொக் ஆற்றங்கரையில் கஸ்தூரி எருதுகள், காற்றில் தரைவரை மயிர் புரள, மேய்ந்துகொண்டிருந்தன. பைனாகுலர் எடுக்கக் கைப்பிடியைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் ஒருசேர விட்டன. எருதுகள் மேட்டைத் தாண்டும்வரை மாறிமாறிப் பார்த்தோம். பிறகு நண்பர் ஸ்பானரை வைத்துப் பார்த்தார். எதையும் இறுக்க வேண்டியிருக்கவில்லை.