வாழைப்பழத்தை எப்படி சார் பெருக்குறது?

ஆறாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுக்கும்போது பல வருஷம் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் பனானா. 3 ஆப்பிளையும் 2 பனானாவையும் சேர்த்து 5 என்று சொல்ல முடியுமா? முடியாது. அதனால் 3ஏ + 2பி அப்படியே நிற்கும். பிள்ளைகளும் தலையாட்டுவார்கள்.

ஒருநாள் ஒரு மாணவி எழுந்தாள். "ஏயையும் பியையும் பெருக்கணும்னா? ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் எப்படி சார் பெருக்குறது?" வகுப்பே சிரித்தது. "அதிகப்பிரசங்கி, உட்கார்" என்றேன். அந்த வருஷம் அவள் வேறு கேள்வியே கேட்கவில்லை.

தப்பு என்னுடையது. மாறி என்பது பழம் இல்லை, எண். இது எனக்கே உறைக்க நாளானது.

அப்புறம் தீப்பெட்டிக்கு மாறினேன். மூன்று பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு புளியங்கொட்டை, வெளியே இரண்டு கொட்டை. மொத்தம் எத்தனை? "பெட்டியைத் திறங்க சார்" என்று ஒரே சத்தம். திறக்காமலே சொல்லுங்கள் என்றேன். "மூணு பெட்டி, ரெண்டு கொட்டை" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். ஒரு பெட்டியில் இருப்பதை எக்ஸ் என்று வைத்து 3எக்ஸ் + 2 என எழுதினேன். கோவை வந்துவிட்டது! திறந்தால் நாலு நாலு, மொத்தம் 14. ஏழு ஏழாக நிரப்பினால் 23. கரும்பலகையில் எழுதியதை அழிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண் இதைப் படித்தால்: ஒரு பழம் ஏ ரூபாய், வாங்கியது பி பழம். இப்போது பெருக்கலாம் அம்மா.