எல்லோருக்கும் ஒரே நம்பர்

பல வருடங்களுக்கு முன், தெரிந்தவர் ஒருவரின் கடைக்கு வாடிக்கையாளர் பட்டியலைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாளே கூப்பிட்டார். "என்ன தம்பி, எல்லாருக்கும் ஒரே நம்பர் காட்டுதே?" போய்ப் பார்த்தால் உண்மைதான். செல்போன் எண் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை 2147483647. லேண்ட்லைன் எண் கொடுத்திருந்த நாலைந்து பெரியவர்கள் மட்டும் தப்பியிருந்தார்கள்.

தப்பு என்னுடையது. எண்ணுக்கென்று நான் ஒதுக்கிய 32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31-இல் அடங்கும் மிகப் பெரிய எண், 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. நம்மூர் செல்போன் எண்களோ 6, 7, 8, 9 என்றே தொடங்குகின்றன. அத்தனையும் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிட்டன. செல்போன் எண்ணை யாரும் கூட்டிப் பார்க்கப் போவதில்லை, எழுத்தாகவே வைத்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த 2147483647 ஒரு பகா எண் என்பது பிற்பாடு தெரிந்தது. 1772-இல் அதை நிறுவியவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்கு 65 வயது, கண் பார்வை ஏறக்குறைய போயே விட்டது. சாதாரண வழியில் போனால் 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 4,700-க்கு மேல். ஆய்லர் முதலில் யோசித்தார். இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 31-ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும்; 8-ஆல் வகுக்க 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. அந்த வரம்புக்குள் அப்படிப்பட்ட எண்கள் 373 தான். அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணை (தன்னைவிடச் சிறிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கே சமமான எண்) தாண்டி இனி எவரும் தேடப் போவதில்லை என்று எழுதினார். இவையெல்லாம் வெறும் வேடிக்கை, பயனில்லை என்பது அவர் எண்ணம். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூகா இதே வகையில் 39 இலக்கப் பகா எண்ணோடு வந்து நின்றார். பயனைப் பற்றிப் பார்லோ சொன்னதில் மட்டும் எனக்குப் பாதிச் சம்மதம். இந்த எண் கணினியில் எல்லையாக நிற்பதற்கும் அது பகா எண்ணாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 64 பிட்டில் எல்லையாக நிற்கும் எண் 7-ஆல் மீதியின்றி வகுபடும். கணினிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

ஒரு கரண்ட் இல்லாத சாயங்காலம் ஆய்லர் வழியில் நானும் உட்கார்ந்தேன். முதலில் அகப்படும் பகா எண் 311; மீதி 35. அடுத்தது 1303, மீதி 226, அதுவும் ஒருமுறை தப்பாகப் போட்டுத் திருத்தியது. 1489-க்கு மீதி 199. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.