பலா அந்நியமான காடு

நம் ஊரில் மார்கழிக் குளிர் விட்டும் விடாமலும் இருக்கும் நாட்களில் ரியோ டி ஜெனீரோவுக்கு உச்சிக்கோடை. நகரம் மகர ரேகைக்குச் சற்றே வடக்கே இருப்பதால் ஜனவரி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது; நிழல் காலடியில் ஒடுங்கிப்போகிறது. கோபகபானாவில் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாய்க் கல் பதித்த நடைபாதையில் செருப்பையும் மீறிச் சூடு ஏறியது. கடற்கரைக் கடையில் ஜில்லென்று இளநீர் சீவிக் கொடுத்தார்கள். குடித்தபடி கடலுக்கு முதுகு காட்டித் திரும்பினால், அடுக்குமாடிகளுக்குப் பின்னாலேயே கருங்கல் மலை. மலை முழுக்க அடர்காடு. அறுபது லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரின் நடுவே!

தெருவிலும் பச்சைக்குக் குறைவில்லை. நிழல் தரும் மரங்களில் அதிகம் கண்ணில் பட்டது நாட்டு வாதுமை. மதில்களுக்கு மேல் மாங்கிளைகள். மின்கம்பிகளில்கூடச் செடிகள் தொற்றி வளர்கின்றன. அவற்றுக்கு மண்ணே வேண்டாம், காற்றின் ஈரம் போதும். அந்த ஈரம் கடலிலிருந்து வருகிறது. மலையில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. சாயங்காலம் அப்படி ஒரு மழை அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் புழுக்கம்.

நெப்போலியன் படைக்குத் தப்பி லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்த போர்ச்சுகல் இளவரசர் தொம் ஜோவாவ், 1808இல் இங்கே ஒரு தாவரவியல் தோட்டம் தொடங்கினார். கீழைநாட்டு வாசனைப் பயிர்களை இந்த மண்ணுக்குப் பழக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. அங்கே இருபுறமும் வரிசையாக நெடும்பனைகள் நிற்கும் சாலையில் அண்ணாந்தே நடந்ததில் கழுத்து வலித்தது. கரீபியப் பகுதியைச் சேர்ந்த பனை அது. இளவரசர் 1809இல் நட்ட தாய்மரம் 1972இல் இடி விழுந்து போயிற்று.

மறுநாள் திஜூக்கா காட்டுக்குப் போனேன். வண்டி மலையேற ஏறக் காற்று குளிர்ந்தது. கொடி பின்னிய மரங்கள், பாறையிடுக்கில் அருவி, தலைக்கு மேல் தாவும் கையளவுக் குரங்குகள். ஆதிகாலத்துக் காடு என்று சத்தியம் செய்திருப்பேன். வழிகாட்டி சிரித்தார். “இங்கே பெரும்பகுதி கைநடவு சார்” என்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகளை மொட்டையடித்துக் காப்பி பயிரிட்டார்கள். மரம் போனதும் ஊற்றுகள் வற்றின. கீழே நகரத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு. பேரரசர் இரண்டாம் பெத்ரோ காலத்தில் அரசு தோட்டங்களைக் கையகப்படுத்தி, 1861இல் மேஜர் மானுவேல் கோமெஸ் ஆர்ச்சரிடம் காட்டை மீட்கும் வேலையை ஒப்படைத்தது. மண்ணைத் தோண்டிக் கன்று நட்டவர்களில் முதன்மையானவர்கள் அடிமைகள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மரியா என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். 1874 வரைக்கும் நட்டவை ஒரு லட்சத்தை ஒட்டும் என்கிறார்கள். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888இல். ஒரு மாநகரத்துக்குத் தண்ணீரை மீட்டுத் தந்தவர்களுக்குக் காடு நட்ட காலத்தில் விடுதலை இல்லை.

நடுக்காட்டில் பழக்கமான வாசனை மூக்கில் ஏறியது. பலாப்பழம்! அடிமரத்திலிருந்து காய்கள் தொங்க, தரையெல்லாம் வெடித்த சுளைகள். போர்ச்சுகீசியர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மரம். பிறந்த வீட்டு ஆளைப் பார்த்த மகிழ்ச்சியில் நான் நிற்க, வழிகாட்டி முகம் சுளித்தார். விதைகள் விழுந்த இடத்திலெல்லாம் முளைத்து, உள்ளூர் மரக்கன்றுகளை எழவிடாமல் செய்கிறதாம். பட்டையை வளையமாகச் சீவியும் தண்டில் மருந்து செலுத்தியும் பலாவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். “நீங்கள் சாப்பிடுவதில்லையா?” என்றேன். நன்றாகவே சாப்பிடுவார்களாம். நம் வருக்கை, கூழன் போல அங்கேயும் கெட்டிச் சுளை, குழைந்த சுளை என்று இரண்டு வகை. “ஆனால் நாங்கள் தின்பதைவிட வேகமாக அது முளைக்கிறது!”

ஃபிளமெங்கோ பூங்காவில் இன்னொரு சொந்தம் காத்திருந்தது: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் தாளிப்பனை. 1960களில் தோட்டக் கலைஞர் ராபர்ட்டோ புர்லே மார்க்ஸ் நட்டவை. ஆயுளில் ஒரே ஒருமுறை பூத்து, காய்த்து, பட்டுப்போகும் மரம். 2025 டிசம்பரில் அவை உச்சியில் மலர்க்கற்றை விரித்தபோது ஊரே திரண்டு பார்த்தது. நட்டவர் 1994இலேயே காலமாகிவிட்டார்.

இரண்டும் நம் பக்கத்து மரங்கள். பலாவை அங்கே விரட்டுகிறார்கள், தாளிப்பனையைக் கொண்டாடுகிறார்கள். எந்த ஊர் மரம் என்று அந்தக் காடு கேட்பதில்லை. பக்கத்துக் கன்றுக்கு இடம் விடுகிறதா என்றுதான் பார்க்கிறது. கையால் நட்ட பச்சையை இப்படிக் கணக்குப் பார்த்துக் காவல் காக்காவிட்டால், அது காடாக நீடிக்காது.